‘இஃப்’ போட்டு எழுதக் கற்றுக்கொடுக்கும் ஒரு ஞாயிறு வகுப்பு

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினொரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன், அதாவது ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று வேலையை நகர்த்துகிற வேலை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மெயில் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் நிபந்தனை இல்லாத வாக்கியமே குறைவு. லேப் டிப் (சாயத்தின் நிற மாதிரி) ஓகே ஆனால் துணி டையிங்குக்குப் போகும், துணி வந்தால் கட்டிங் ஆரம்பிக்கும், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவ் ஆனால்தான் தையல் லைனில் ஏற்றுவோம். ‘ஆல்’, ‘ஆல்’ என்றுதான் நாள் முழுக்கப் போகும். அந்த ‘ஆல்’ என்ற இரண்டு எழுத்தை ஆங்கிலத்தில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குத் தெரியாது என்பதே மூன்று வருடத்துக்கு முன்புதான் தெரிந்தது.

ஒரு ஜெர்மனி பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவருக்கு, மெயில் எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் அப்ரூவல் கிடைத்தால் 20-ஆம் தேதி சரக்கு கிளம்பிவிடும், இவ்வளவுதான் சொல்ல வந்தது. ‘இஃப் வீ காட் தி அப்ரூவல் பை ஃப்ரைடே, வீ வுட் ஷிப் ஆன் தி ட்வென்டியெத்’ என்று எழுதி அனுப்பினேன். கிடைத்தால் என்பதால் ‘காட்’ போட்டேன். ‘வில்’லைவிட ‘வுட்’ மரியாதையான சொல் என்று முன்பு படித்த ஒரு இடத்தில் சொல்லியிருந்தார்கள், அதனால் ‘வுட்’. அந்தப் பக்கம் படித்தவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது: ‘வெள்ளிக்குள் எங்கே கிடைக்கப் போகிறது, கிடைத்தாலாவது 20-க்கு அனுப்பலாம்.’ நாங்கள் ஏதோ சிக்கலை மறைக்கிறோம் என்று நினைத்து, அப்ரூவலை நிறுத்தி வைத்துவிட்டு விளக்கம் கேட்டார்கள். அதில் இரண்டு நாள் போனது. தூத்துக்குடியில் கப்பலுக்கான கட்-ஆஃப் (சரக்கு சேர வேண்டிய கடைசி நேரம்) தவறி, 1,200 பீஸை ஏர் ஃபிரைட்டில், அதாவது விமானத்தில், அனுப்ப வேண்டியதாயிற்று.

முதலாளி திட்டவில்லை. “அப்படி என்னம்மா எழுதுனீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இலக்கணப் பிழை என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. உண்மையில் பிழையும் இல்லை. நான் சொல்ல நினைத்தது ஒன்று, அந்த வாக்கியம் சொன்னது இன்னொன்று.

அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். ஃபோனில் ஒரு செயலி இறக்கிக் கோடிட்ட இடம் நிரப்பினேன். நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். இரண்டு மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தது. ஆனால் மெயில் எழுத உட்கார்ந்தால் பழைய தடுமாற்றம் அப்படியே இருந்தது. அங்கே நாலு விடையைக் கொடுத்து யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லையே. அப்புறம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் சேர்ந்தேன். டைப் 1, டைப் 2, டைப் 3 என்று மூன்று வரிசை அட்டவணையைப் போர்டில் எழுதி, மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே அட்டவணையைத்தான் பார்த்திருந்தேன். எந்த இடத்தில் எந்த வரிசையை எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் அண்ணன் சொல்லித்தான் இந்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். காங்கேயம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. தன் பெயரையும் எண்ணையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். பத்து வாரம், ஞாயிறு காலை 10 முதல் 12.30 வரை. கட்டணம் 4,500 ரூபாய். மொத்தம் பன்னிரண்டு நாற்காலிதான். என்னோடு இருந்தவர்கள்: வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பேர், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதப் போகும் ஒரு நர்ஸ் தங்கச்சி, கல்லூரிப் பையன்கள் இருவர், என்னைப் போல எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர். பத்து வாரமும் ஒரே பாடம், கண்டிஷனல் வாக்கியங்கள், அதாவது நிபந்தனை வாக்கியங்கள் மட்டும். இது ஒன்றுக்கே பத்து வாரமா என்று எனக்கும் முதலில் தோன்றியது.

முதல் வகுப்பில் டீச்சர் ஆங்கிலமே எடுக்கவில்லை. “வந்தேன், வந்தாள், வந்தார்கள், வந்தால்” என்று போர்டில் எழுதினார். எல்லாவற்றிலும் இருக்கும் ‘வந்த்’ என்பதன் கீழே கோடு போட்டார். “இது எந்தக் காலம் அம்மணி?” என்று என்னைக் கேட்டார். இறந்த காலம் என்றேன். “சரி, நாளைக்கு மழை வந்தால் என்கிறோமே, நாளை என்பது எந்தக் காலம்?” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெய்தால், போனால், சொன்னால், கிடைத்தால் என்று எதை எடுத்தாலும் இறந்தகால அடியோடுதான் ‘ஆல்’ ஒட்டுகிறது. ‘வருவால்’ என்று உலகத்தில் எந்தத் தமிழரும் சொல்வதில்லை. முப்பத்தாறு வருடமாகப் பேசுகிற மொழியில் இதை நான் ஒருநாளும் கவனித்தது கிடையாது. பழந்தமிழில் ‘வரின்’, ‘செயின்’ என்று இறந்தகால அடி இல்லாமலேயே நிபந்தனை சொன்னார்கள், நன்னூல் அந்த ‘செயின்’ வாய்பாட்டை எதிர்கால வினையெச்சத்தில் வைக்கிறது என்றும் போகிற போக்கில் சொன்னார். ஆங்கில வகுப்பில் நன்னூலைக் கேட்டது அன்றுதான்.

அன்றைக்கே என் ‘காட்’ எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. ‘கிடைத்தால்’ என்பதற்குள் இருக்கும் ‘கிடைத்த்’தை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். தமிழுக்கு இறந்தகால அடி எல்லா நிபந்தனைக்கும் பொது. ஆங்கிலம் அப்படி இல்லை. நடக்கக்கூடிய விஷயம் என்றால் ‘இஃப்’ பக்கத்தில் சிம்பிள் பிரசென்ட் வைத்துக்கொள்கிறது. ‘இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம், ஆனால் நடக்காது’ என்று தள்ளிவைக்கும்போதுதான் பாஸ்ட் டென்ஸுக்குப் போகிறது. ‘நேரம் இருந்தால் வருகிறேன்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’ என்றால் வந்தாலும் வரலாம். ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்’ என்றால் நேரம் இல்லை, வரவில்லை என்றே அர்த்தம். தமிழில் இந்த வித்தியாசத்தைக் குரலில் காட்டுவோம். இல்லையென்றால் ‘எனக்கு மட்டும் நேரம் இருந்தால்’ என்று ஒரு ‘மட்டும்’ சேர்ப்போம். மெயிலில் குரல் போகாது.

இரண்டாவது வாரம் கயிறு கட்டினார். இந்த வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால் அந்தக் கயிற்றைத்தான் சொல்வேன். போர்டு இருக்கும் சுவரிலிருந்து பின்சுவர் வரை துணி காயப்போடுகிற கயிறு. போர்டு பக்கம் ‘நடக்கும்’. பின்சுவர் பக்கம் ‘இனி நடக்கவே வழியில்லை’. ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, கிளிப் போட்டு அதன் இடத்தில் மாட்டச் சொன்னார். ‘தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஆவியாகும்’ என்பது போர்டை ஒட்டிப் போனது. அங்கே ‘வில்’கூட வேண்டாம், இரண்டு பக்கமும் பிரசென்ட். ‘நூல் விலை ஏறினால் ரேட்டை மாற்றுவோம்’ கொஞ்சம் தள்ளி. ‘நான் முதலாளியாக இருந்தால்’ அறையின் நடுவுக்கு வந்தது. ‘போன மாதமே சொல்லியிருந்தால்’ பின்சுவரில். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் ஆங்கிலம் வந்தது. “சீட்டு ஒரு படி தள்ளிப் போனால், வினைச்சொல்லும் ஒரு படி பின்னால் போகும். பாஸ்ட் டென்ஸ் என்று பெயர் வைத்ததால் காலத்தை மட்டும் பார்க்கிறீர்கள். இங்கே அது தூரத்தைக் காட்டுகிறது” என்றார்.

‘வுட்’ எப்படி மரியாதைச் சொல் ஆனது என்பதும் அதே கயிற்றில் விளங்கியது. ‘குட் யூ’, ‘வுட் யூ’ எல்லாம் கேட்பவருக்கும் நமக்கும் நடுவே ஒரு படி இடம் விடுகின்றன. அதனால் மரியாதை. ஆனால் ‘இருபதாம் தேதி சரக்கு போகும்’ என்று வாக்குக் கொடுக்கிற இடத்தில் அந்தப் படியை விட்டால், வாக்கே தள்ளிப் போய்விடும். என் 1,200 பீஸ் இப்படித்தான் ஆகாயத்தில் போயிருக்கிறது.

இந்த ஊரில் நாம் எல்லோரும் செய்கிற பிழைகளுக்காக ஒரு முழு வாரம் ஒதுக்கினார், அது நன்றாக இருந்தது. ‘இஃப் சப்போஸ்’ என்று நாம் சேர்த்துச் சொல்கிறோம். ‘ஒருவேளை மழை வந்தால்’ என்று தமிழில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தே பழகியதால் ஆங்கிலத்திலும் இரண்டு போடுகிறோம் என்பது டீச்சரின் கணிப்பு. ‘இஃப்’ போதும், அல்லது ‘சப்போஸ்’ போதும். ‘இஃப் யூ வில் சென்ட்’ என்று எழுதுவது ‘அனுப்புவீர்கள் என்றால்’ என்பதிலிருந்து வருகிறது. ‘இஃப் வீ வுட் ஹேவ் நோன்’ என்பதையும் அடித்துத் திருத்தினார். ‘வுட் ஹேவ்’ இருக்க வேண்டியது விளைவைச் சொல்லும் பாதியில். ‘இஃப்’ பாதிக்கு ‘ஹேட்’ போதும்.

‘அன்லெஸ்’ எனக்கு எப்போதுமே பயம். ‘அன்லெஸ் யூ டோன்ட் அப்ரூவ்’ என்று இரண்டு எதிர்மறை வைத்து எத்தனை மெயில் போயிருக்குமோ. டீச்சர் அதற்குச் சொன்ன தமிழ் ‘ஒழிய’. ‘நீங்கள் அப்ரூவ் செய்தாலொழிய நாங்கள் வெட்ட மாட்டோம்.’ இதில் ‘செய்தால்’ என்பது உடன்பாடு, ‘ஒழிய’வே எதிர்மறையைச் சுமந்துகொள்கிறது. ‘அன்லெஸ் யூ அப்ரூவ்’ என்பதும் அச்சு அசலாக அதேதான். பாட்டி பேச்சில் கேட்ட சொல். இதற்குள் ஆங்கில இலக்கணம் இருக்கும் என்று நினைத்ததில்லை. ‘இன் கேஸ்’ என்பதற்கு ‘எதற்கும் இருக்கட்டும் என்று’. துணி குறைந்தால் வாங்குவோம் என்பது ‘இஃப்’. குறைந்துவிடுமோ என்று முன்கூட்டியே மூன்று சதவீதம் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறோம் என்றால் ‘இன் கேஸ்’. ஒரு பையரிடம் இந்த இரண்டும் மாறிப்போனால் பணக் கணக்கே மாறும்.

‘இஃப்’, ‘வென்’ வித்தியாசமும் அப்படித்தான். ‘துணி வந்தால் வெட்ட ஆரம்பிப்போம்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம், துணி லாரியில் வந்துகொண்டிருக்கும்போதுகூட. அதை ‘இஃப்’ போட்டு எழுதினால், துணி வருமா வராதா என்றே சந்தேகம் இருப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வருவது உறுதி என்றால் ‘வென்’.

கடந்துபோனதைப் பற்றிய வாக்கியங்கள், அதாவது டைப் 3, நான் மிகவும் பயந்தது. மிகச் சுலபமாக முடிந்ததும் அதுதான். ‘சொல்லியிருந்தால் செய்திருப்போம்.’ ‘இருந்தால்’ இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்போம்’ இடத்தில் ‘வுட் ஹேவ்’. வார்த்தைக்கு வார்த்தை நேராக உட்கார்கிறது. அந்த நர்ஸ் தங்கச்சி உடனே எழுந்து, “டாக்டர் வந்திருந்தால் கூப்பிடுங்கள் என்கிறோமே டீச்சர், அது நடந்து முடிந்ததா?” என்று கேட்டாள். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கே டாக்டர் வந்தாரா இல்லையா என்று நமக்கு இன்னும் தெரியாது, அதனால் ‘இஃப் தி டாக்டர் ஹேஸ் கம்’; வரவில்லை என்று தெரிந்த பிறகு சொன்னால்தான் ‘ஹேட் கம்’ என்று விளக்கினார். அரை மணி நேரம் இதிலேயே போனது. எனக்குப் பத்து வாரத்தில் மிகவும் பிடித்த அரை மணி நேரம்.

பள்ளி அட்டவணையில் இல்லாத கலப்பு வாக்கியத்தையும் இப்படித்தான் தமிழ் வழியாகக் கொண்டுவந்தார். ‘ஜனவரியில் நூல் புக் பண்ணியிருந்தால் இப்போது கையில் துணி இருக்கும்.’ முன்பாதி போன ஜனவரி, பின்பாதி இன்றைக்கு. ‘இருந்திருக்கும்’ என்று யாரும் இங்கே சொல்வதில்லை. அதே போல ஆங்கிலத்திலும் முன்னால் ‘ஹேட் புக்ட்’, பின்னால் வெறும் ‘வுட் ஹேவ் ஃபேப்ரிக் நவ்’. இந்த ‘ஹேவ்’ கையில் வைத்திருப்பதைச் சொல்லும் ‘ஹேவ்’ என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

‘இஃப்’பே இல்லாத நிபந்தனைகளுக்கு ஒன்பதாவது வாரம். எனக்கு வரும் மெயில்களின் முடிவில் ‘ஷுட் யூ ரிக்வயர் எனி ஃபர்தர் டீடெய்ல்ஸ்’ என்று இருக்கும். ‘ஷுட்’ என்றால் ‘வேண்டும்’ என்றே படித்திருந்ததால், இன்னும் ஏதோ விவரத்தை நான் கேட்டாக வேண்டும் போல என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். ‘உங்களுக்கு ஏதாவது விவரம் தேவைப்பட்டால்’, அவ்வளவுதான். ‘ஹேட் வீ நோன்’ என்பதும் ‘இஃப்’பை எடுத்துவிட்டுச் சொல்லை முன்னால் தூக்கிய வடிவம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி அறவே இல்லை. எழுதுகிறோம், திருத்துகிறார், மறுபடி எழுதுகிறோம். நர்ஸ் தங்கச்சிக்குப் பேச்சுத் தேர்வும் உண்டு என்பதால் அவளுக்கு இது பெரிய குறை. தேர்வு முறையில் வேகமாக விடை போடவும் இங்கே பழக்குவதில்லை. வங்கித் தேர்வுக்காரர்களில் ஒருவர் நான்காவது வாரத்தோடு நின்றுவிட்டார். ஜெராக்ஸ் தாள்கள் மங்கல். சிலவற்றில் கடைசி இரண்டு வரி படிக்கவே முடியவில்லை. முகூர்த்த நாள் வந்தால் வகுப்பு தள்ளிப்போகும், எங்களுக்குப் பத்து வாரம் பதின்மூன்று வாரமானது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த மாடிப்படி சிரமம், செங்குத்தாக இருக்கிறது.

பாடத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’, ‘வுட்’ வரவே வராது என்று இரண்டாவது வாரம் கறாராகச் சொன்னார். எனக்கு வந்த மெயிலிலேயே ‘இஃப் யூ வுட் கைன்ட்லி கன்ஃபர்ம்’ என்று இருந்தது. காட்டியபோது, பின்னால் சொல்கிறேன் என்றார். எட்டாவது வாரம்தான் சொன்னார்: மனம் வைத்தால், சம்மதித்தால் என்ற பொருளில் அந்த இடத்தில் ‘வில்’, ‘வுட்’ இரண்டும் வரும். முதலில் குழப்பக் கூடாது என்று அப்படிச் சொல்லியிருப்பார், புரிகிறது. ஆனால் நடுவில் ஆறு வாரம், சரியாக எழுதியவர்களின் மெயிலைப் பார்த்தே நான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ‘இதற்கு ஒரு விலக்கு உண்டு’ என்று அன்றே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ‘இஃப் ஐ வாஸ்’ விஷயத்தில் இப்படிச் செய்யவில்லை. பேச்சில் ‘வாஸ்’ பரவலாக உண்டு, தேர்விலும் மெயிலிலும் ‘இஃப் ஐ வேர்’ எழுதிவிடுங்கள் என்று அந்தப் பாடம் வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இப்போது மெயில் அனுப்பும் முன் அந்தக் கயிறு கண்ணில் வருகிறது. இந்தச் சீட்டை எங்கே மாட்டுவேன்? போர்டு பக்கமா, நடுவிலா, பின்சுவரிலா? இடம் தெரிந்துவிட்டால் வினைச்சொல் தானாக வருகிறது. போன வாரம் அதே பையருக்கு எழுதினேன்: ‘இஃப் வீ ரிசீவ் தி அப்ரூவல் பை ஃப்ரைடே, வீ வில் ஷிப் ஆன் தி ட்வெல்ஃப்த்.’ கூடுதல் விளக்கம் எதுவும் கேட்காமல் வியாழக்கிழமையே அப்ரூவல் வந்தது.

ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள். எழுத்து ஓரளவு வரும், ஆனால் ‘இஃப்’ வந்தால் கை நிற்கிறது என்பவர்களுக்கு 4,500 ரூபாய் அதிகமே இல்லை. அடுத்த தொகுதி ஆடி முடிந்து தொடங்குகிறது. தெரிந்தவர்கள் மூலமாகத்தான் சேர்க்கிறார். நீள நோட்டு ஒன்று, துணிக் கிளிப் ஒரு டஜன், அப்புறம் நீங்கள் எப்போதோ எழுதி அனுப்பிய மெயில் அல்லது கடிதம் ஒன்றின் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளே கேட்பார்.